நாலு மாடி இறங்கும் பாட்டு

பெச், 1978 பிப்ரவரி 12

எமெக்கே,

நீ என்னோடு பேசுவதில்லை என்பது தெரியும். ஆனாலும் இந்தப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே. உள்ளே இரண்டு ஒலிநாடாக்கள் இருக்கின்றன. புடாபெஸ்டில் உன் ஆய்வுக்கூடத்தில் சத்தத்தை அளக்கும் பொறிகள் எத்தனையோ வைத்திருக்கிறாய். ஒரு மத்தியானம் அண்ணனுக்காக அவற்றை ஓட்டினால் குறைந்துபோக மாட்டாய்.

விஷயம் உன் ‘படிக்கட்டு’ கவிதைக்கு நான் போட்ட பாட்டு பற்றியது. நாலு பத்தி, நாலு மாடி. என் குழு வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுகிறது. தொடங்கும்போது இசைக்கவையைத் தட்டிச் சுருதி கொடுக்கிறேன். முடிந்ததும் திரும்பத் தட்டிப் பார்த்தால், பியானோவில் ஒரு கட்டை கீழே போய் நிற்கிறோம். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். மே மாதம் வெஸ்ப்ரேமில் போட்டி. நடுவர் மேசையில் இருக்கும் பெரியவர்கள் நாங்கள் வாயை மூடுவதற்குள் இசைக்கவையைக் காதருகே கொண்டுபோவார்கள். இந்த நாட்டில் குடித்துவிட்டு மேடையேறினால்கூட மன்னிப்பார்கள், சுருதி இறங்கினால் மன்னிக்க மாட்டார்கள்.

யார் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று வாரக்கணக்கில் ஒவ்வொரு வரிசையாகக் கேட்டேன். உன் அண்ணிதான். தணிந்த குரல் பெண்கள் எல்லாரும் அவளைக் கேட்டுத்தான் பாடுகிறார்கள். போன ஒத்திகையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லார் முன்னாலும், “பிரோஷ்கா, நீதான் எல்லாரையும் கீழ இழுத்துட்டுப் போற. ஊசி போட்ட வாயோட வந்து நிக்கிறியா என்ன?” என்று கேட்டுவிட்டேன். பல் மருத்துவரான அவளிடம் அப்படிக் கேட்டது வேடிக்கை என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் தாளை மடித்து நாற்காலியில் வைத்தாள். “அப்ப நான் இல்லாம பாடிப் பாரு” என்று சொல்லிவிட்டு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டிலும் அவள் குரல் கேட்பதில்லை. உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான் பேச்சு.

அவள் இல்லாமலும் பாடிப் பார்த்தேன். பாதிதான் இறங்குகிறது. முதல் நாடா அவளோடு பாடியது, இரண்டாவது அவள் இல்லாமல். நீ அளந்து, இன்னார்தான் காரணம் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் சொன்னால் கோபம், எண் சொன்னால் ஏற்றுக்கொள்வாள். அவள் படித்தவள்.

எனக்குத் தூக்கம் சரியில்லை. சீக்கிரம் எழுது.

ஆகோஷ்


புடாபெஸ்ட், மார்ச் 1

அண்ணா,

பொட்டலத்தைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். தபால் நிலையத்தில் வரிசை பெரிதாக இருந்ததால் தப்பித்தாய்.

முதலில் என் வயிற்றெரிச்சல். மூன்றாம் மாடியில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள் என்று நான் எழுதியிருந்தேன். நீ அதை வெட்டிவிட்டு ‘மாலைக் காற்று’ என்று போட்டிருக்கிறாய். மூடிய படிக்கட்டில் மாலைக் காற்று எங்கிருந்து வரும்? ஒருத்தி தன்னை வேண்டாம் என்றவனின் கதவிலிருந்து இறங்கி வருகிறாள். வழியில் அடுத்தவர் வீட்டுச் சமையல் மணக்கிறது. உலகம் தன்பாட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயாராகிறது. அதுதான் கவிதையே. “சேர்ந்திசையில வெங்காயமா?” என்று தொலைபேசியில் சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பேசாமல் இருந்தேன்.

இப்போது உன் நாடா. மூன்று மாலைகள் அளந்தேன். நீ கேட்ட ஒரு வரி இதோ: காரணம் அண்ணி இல்லை, நீ.

குதிக்காதே, கேள். ஒவ்வொரு பத்தியிலும், சேர்ந்து ஒலிக்கும் உன் சுரக்கூட்டுகள் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருவதாகத் தாளில் எழுதியிருக்கிறாய். தாளில்தான் அது வருகிறது. ஒவ்வொரு கூட்டையும் காதுக்குத் துல்லியமாகச் சேர்த்துக்கொண்டே போனால் சுற்று மூடாது. கிளம்பிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. இது இயற்கை, யார் தப்பும் இல்லை. நாலு பத்திக்கு நாலு முறை இறங்கினால் கிட்டத்தட்ட ஒரு கட்டை. நாடாவில் இருப்பதும் அதேதான். பியானோவில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதைச் சுருதி கூட்டுகிறவர் எல்லாக் கட்டைகளையும் இம்மியளவு பொய்யாக வைத்துச் சுற்றை மூடிவிடுகிறார். அந்தப் பொய் நமக்குப் பழகிவிட்டது.

அண்ணிக்குப் பழகவில்லை. அவள் பாடும் சுரங்கள் கணக்குக்கு எவ்வளவு கிட்டே இருக்கின்றன என்று பார்த்து, பொறிதான் கெட்டுவிட்டதோ என்று மாற்றி வைத்து அளந்தேன். இந்த வேலையில் இவ்வளவு வருடத்தில் இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை. அவள் இல்லாத நாடாவில் ஏன் குறைவாக இறங்குகிறது தெரியுமா? ஆளுக்கொரு பக்கம் தப்புகிறார்கள், தப்புகள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. அவ்வளவுதான். நீ ஒருத்தியைக் குற்றவாளி என்று பிடித்தாய், அவள்தான் அங்கே உண்மை பேசிய ஒரே ஆள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பொறியின் முள் படிப்படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அந்தப் படிகளில் இறங்கியவள். வரிகளில் என்னால் கொண்டுவர முடியாத ஒன்றை இருபது முப்பது பேர் தெரியாமலேயே செய்திருக்கிறார்கள். மாடிக்கு மாடி தரை நிஜமாகவே தாழ்கிறது. நான் ஒரு கவிதை எழுதி இரண்டு வருடமாகிறது. பகலெல்லாம் நெசவாலையில் தறிகளின் இரைச்சலை அளக்கிறேன், வீட்டுக்கு வந்தால் காதுக்குள் தறி ஓடுகிறது. அன்றைக்கு மட்டும் ஓடவில்லை.

அண்ணியிடம் மன்னிப்புக் கேள்.

எமெக்கே


பெச், மார்ச் 19

எமெக்கே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்தேன், பிறகு ஒட்டினேன். மூக்கை நன்றாகவே உடைத்தாய். இத்தனை வருடம் சுருதி சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவனிடம் சுருதி என்பதே பொய் என்கிறாய். பள்ளிக்கூடத்தில் பியானோவைத் தொடும்போதெல்லாம் கை கூசுகிறது. நேற்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சுரம் கொடுத்துவிட்டு, “இது சுமாராத்தான் சரி” என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆனால் நீ சொன்னதைச் செய்தேன். உருளைக்கிழங்குக் குழம்பைப் பரிமாறிவிட்டு உட்கார்ந்தாள். நான் சொன்னேன்: “எமெக்கே அளந்து பாத்துட்டா. நீ பாடினதுதான் சரியாம். தப்பு என் பாட்டுல இருக்கு. மன்னிச்சுக்கோ.”

அவள் கரண்டியை வைக்கவில்லை. “உன் தங்கச்சிக்கு நல்ல மனசு” என்றாள்.

“நல்ல மனசு இல்ல, எண்ணு. தாள் இருக்கு, பாக்குறியா?”

“நானும் நோயாளிகிட்ட வலிக்காதுன்னுதான் சொல்றேன், ஆகோஷ். சொல்லிட்டுத்தான் பல்லைப் பிடுங்குறேன். இசைக்கவை பொய் சொல்லுமா? நான் வந்தா இறங்குது, போனா பாதியாக் குறையுது. விடு.”

தாளை அவள் தொடக்கூட இல்லை. இதற்கு மேல் நான் என்ன செய்வது? மருத்துவமனையிலிருந்து அவள் வீட்டுக்கு வரும் நேரமும் தள்ளிக்கொண்டே போகிறது. கேட்டால், “வேலை இருந்துச்சு” என்கிறாள். பல் பிடுங்க இவ்வளவு நேரமா? ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். என்ன நினைப்பது என்று தெரியவில்லை. நினைக்க நினைக்க எல்லாம் கேவலமாக வருகிறது.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொரு பத்தியிலும் நடுவில் ஒரே ஒரு கூட்டை மாற்றினால் சுற்று மூடிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், நீயும் பார். அப்புறம் யார் எப்படிப் பாடினாலும் இறங்காது. அவளைத் திரும்பக் கூப்பிடலாம். அவளுக்கும் நிம்மதி, நடுவர்களுக்கும் நிம்மதி. புதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். வெங்காயத்தையும் திரும்பச் சேர்த்துவிட்டேன், உனக்கு லஞ்சமாக.

ஆகோஷ்


புடாபெஸ்ட், மார்ச் 27

அண்ணா,

வெங்காயத்துக்கு நன்றி. லஞ்சம் வாங்கிக்கொண்டேன், வேலை செய்யமாட்டேன்.

புதிய தாளைப் பார்த்தேன். கணக்கு சரி. பாட்டு செத்துவிட்டது. அவள் நாலு மாடி இறங்குகிறாள், கடைசியில் பார்த்தால் அதே நாலாம் மாடியில் நிற்கிறாள். என் கடைசிப் பத்தி உனக்கு மறந்துவிட்டதா?

“கீழ்த்தளம்: விளக்கு அணைந்துவிட்டது.
கைப்பிடிச் சுவரைத் தடவி நிற்கிறேன்.
மேலே நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலி
என் தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில்.”

அந்த உயரம் காதுக்குக் கேட்க வேண்டாமா? நீ எழுதிய முதல் தாளில் அது கேட்டது. உனக்குத் தெரியாமலே கேட்டது, அதனால்தான் அதற்கு மரியாதை கொடுக்க மாட்டேன் என்கிறாய் போல. ஒன்றையும் மாற்றாதே. நடுவர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் தலைப்புக்குக் கீழே ஒரு வரி எழுது: இந்தப் பாட்டு ஒரு கட்டை தாழ்ந்து முடியும், முடிய வேண்டும். அவர்கள் இசைக்கவையைத் தட்டட்டும். தட்டித் தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணி ஏன் நம்பவில்லை என்று கேட்கிறாய். நீ அவளை எங்கே வைத்துத் திட்டினாய்? குழு முழுக்கக் கேட்டது. எங்கே வைத்து மன்னிப்புக் கேட்டாய்? குழம்புச் சட்டிக்கு முன்னால். ஊர் கேட்கக் கொட்டியதை வீட்டுக்குள் அள்ள முடியாது, அண்ணா. அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் சொல். வாய் குழறினாலும் சொல்.

அவள் தாமதமாக வருவது பற்றி நீ எழுதிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தேகப்படுவதற்குப் பதில் ஒரு நாள் போய்ப் பார்.

எனக்கும் இங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஆலைக்கான அறிக்கையில் எண்களுக்கு நடுவே, என்னையறியாமல், தறி நின்ற பிறகு வரும் அமைதி எப்படி இருக்கிறது என்று நாலு வரி எழுதிவிட்டேன். மேலதிகாரி சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். “இது எந்த அலகு?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அந்தத் தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எமெக்கே


பெச், ஏப்ரல் 23

எமெக்கே,

சொல்லிவிட்டேன். அவளை ஒத்திகைக்கு வரவைப்பதே பெரிய பாடாகிவிட்டது. வந்து கதவருகே நின்றாள், கோட்டைக் கழற்றவில்லை. நான் மேடையில் ஏறி உன் எண்களையெல்லாம் உளறிக் கொட்டினேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. கடைசியில், “சுருக்கமாச் சொன்னா, பிரோஷ்கா சரியாப் பாடினா. எனக்குத்தான் கேக்கத் தெரியல. அவளை நான் பேசினது தப்பு” என்றேன். அடிக்குரல் வரிசையில் தபால்கார வெந்தெல், “இதைச் சொல்ல புடாபெஸ்ட்ல இருந்து மிஷின் வரணுமா? எங்களைக் கேட்டிருந்தா ஒரு கிளாஸ் பாலிங்கா சாராயத்துக்குச் சொல்லியிருப்போமே” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய தாளைத்தான் பாடினோம், வெங்காயத்தோடு. இறங்கட்டும், உன் படியில் கடைசிவரை இறங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கவில்லை.

பழக்கத்தில் இசைக்கவையைத் தட்டினேன். அச்சாக அதே சுருதி. குழுவே கைதட்டியது, வெந்தெல் விசில் அடித்தான். திரும்பப் பாடினோம், அப்போதும் அசையவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பாடிவிட்டோம், ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நான் ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை, சத்தியமாக.

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் என்னவோ செய்கிறது. முன்பு இரண்டாம் பத்தி முடியும்போது கூட்டு ஒன்று ஒளிபோல் திறக்கும், அந்த இடத்தில் என் கை தானாக மேலே போகும். இப்போது கை போவதில்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். கேட்டுவிட்டு வெளியே வந்தால் எரிச்சலாக வருகிறது. உன் கடிதங்கள் என் காதைக் கெடுத்துவிட்டனவா, இல்லை நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறதா? நாடா அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து கேள்.

ஆகோஷ்


புடாபெஸ்ட், மே 4

அண்ணா,

கேட்டேன். அளந்தேன். உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குழுவை நிறுத்தி வைத்திருப்பது அண்ணிதான். அவள் இப்போது பாடுவது அவள் சுரங்கள் இல்லை. ஒவ்வொன்றும் பியானோ கட்டையின் சுரம், அந்த இம்மியளவு பொய்யோடு. மற்ற பெண்கள் வழக்கம்போல அவளைப் பின்பற்றுகிறார்கள், சுற்று மூடிவிடுகிறது. இது தற்செயலாக வராது. அப்படி ஒரு காது உள்ளவள் அதை அடக்கி இப்படிப் பாட வேண்டுமானால், வாரக்கணக்காகப் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து, சரியென்று படும் இடத்திலெல்லாம் தன்னைத்தானே திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

உன் வீட்டுப் பியானோவில் என்றால் உனக்குக் கேட்டிருக்கும். தாமதமாக வருகிறாள் என்றாயே. எங்கே போகிறாள் என்று போய்ப் பார். போட்டிக்கு முன்னால் போ.

இன்றைக்கு என்னால் வேறெதுவும் எழுத முடியவில்லை.

எமெக்கே


பெச், மே 22

எமெக்கே,

உன் கடிதம் கிடைத்த சாயங்காலமே போனேன். மருத்துவமனையில் விசாரித்தேன், பக்கத்துத் தெருவில் இருக்கும் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறாள் என்றார்கள். பிள்ளைகள் போன பிறகு அங்குள்ள டீச்சர் அவளிடம் சாவியைக் கொடுத்துவிடுவாராம், பல் கட்டிக்கொடுத்த நன்றிக்கு. ஜன்னல் வழியே பார்த்தேன். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த முயல்கள். முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் குந்திக்கொண்டு, ஒரு விரலால் பியானோக் கட்டையை அழுத்தி, அதோடு பாடிக்கொண்டிருந்தாள். பாடுவாள், தலையை ஆட்டுவாள், கொஞ்சம் மேலே தூக்கித் திரும்பப் பாடுவாள். வெள்ளை அங்கியைக்கூட மாற்றியிருக்கவில்லை. நான் என்னென்னவோ நினைத்தேன் என்று எழுதியிருந்தேனே. அங்கே நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே போனேன். “எதுக்கு இதெல்லாம்? நீ பாடினதுதான் சரின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேனே” என்றேன்.

“சொன்ன. நீ எனக்காக அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். அதுக்காகத்தான் இன்னும் ஒழுங்கா வரணும்னு இருக்கேன்” என்றாள்.

“பழையபடி பாடு, பிரோஷ்கா. எனக்கு அதுதான் வேணும்.”

அவள் யோசித்தாள். பாடியும் பார்த்தாள், எனக்காக. பாதியில் நிறுத்திவிட்டு, “எது பழசுன்னு இப்ப எனக்குப் பிடிபடல. குழப்பாத, ஆகோஷ். போட்டி வருது” என்றாள். நான் குழப்பவில்லை. குழப்பினது பிப்ரவரியில்.

வெஸ்ப்ரேமில் நேற்றுப் பாடினோம். நடுவர் பிரதியில் நீ சொன்ன வரியை எழுதவில்லை, எழுதினால் பொய்யாகியிருக்கும். பாட்டு முடிந்ததும் நடுவில் இருந்த பெரியவர் இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்தார், பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார், இருவரும் தலையசைத்தார்கள். இரண்டாம் பரிசு. சுருதித் தூய்மைக்கென்று தனியாக ஒரு பாராட்டுத் தாளும் கொடுத்தார்கள். மேடையேறி அதை வாங்கியது நான்.

திரும்பும்போது பேருந்தில் ஒரே கும்மாளம். வெந்தெல் எல்லாருக்கும் ஊற்றிக்கொடுத்தான். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஏரிக்கரை தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்:

“எமெக்கேகிட்ட சொல்லு, அவ மிஷின்ல ஏதோ கோளாறு. நான்தான் இழுத்துட்டு இருந்திருக்கேன், பாரு. நான் திருத்திக்கிட்டதும் நின்னுடுச்சு. அவ மேல கோபமில்ல, என் மனசு நோகக் கூடாதுன்னுதானே சொன்னா.” பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “இப்பவாவது சரியா இருந்துச்சா?”

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கிய சின்னப் பிள்ளையின் முகம் அது.

“ரொம்பச் சரியா இருந்துச்சு” என்றேன்.

என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் பெச் வரும்வரை அசையவில்லை.

அந்த முதல் நாடா உன்னிடம்தான் இருக்கிறது, எமெக்கே. அழித்துவிடாதே, அவளுக்குப் போட்டும் காட்டாதே. அவளுக்குத் தனியாக எழுதுவாய் என்று தெரியும். வாழ்த்து மட்டும் எழுது.

ஆகோஷ்